உள்பக்கம் போடுகிற தாழ்ப்பாள்

சாத்தங்கரைப் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாவது மாடியில், 658.83 என்று எண் ஒட்டிய அலமாரியின் கடைசித் தட்டில், முப்பத்திரண்டு வருடம் ஒருவர் கையும் படாமல் கிடந்த பச்சை ரெக்சின் அட்டைத் தொகுதி ஒன்று, ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் ஊரில் எந்தெந்த வீட்டில் எதை எதை வாங்க நினைக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கியது. நான் அந்தப் பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் மாசிலாமணி. நடந்ததில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி, பிற்பாடு முத்துப்பேச்சி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, தாள்கள் மிஷினுக்குள் போய்ப் போய் வருகிற சத்தத்துக்கு நடுவே சொன்னது.

முத்துப்பேச்சி மார்க்கெட்டிங்கில் ஆராய்ச்சி செய்கிற பெண். முப்பத்து மூன்று வயது. சிறிய ஊர்களில் குடும்பங்கள் எதை, எப்போது, யார் சொல்லி வாங்குகின்றன என்பது அவளுடைய தலைப்பு. அதற்குப் பழைய புள்ளிவிவரம் வேண்டும், மூன்று வாரத்தில் கொண்டுவராவிட்டால் பதிவு ரத்தாகிவிடும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். அவள் நூலகத்தில் தேடாத இடமில்லை. சந்தை ஆய்வு அறிக்கைகள் இருக்கிற இணையதளத்துக்குச் சந்தா முடிந்துபோயிருந்தது, விளம்பரத் துறைப் பத்திரிகைகளைக் கரையான் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் தின்றிருந்தது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகளில் எங்கள் ஊர் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒற்றை வரியாகக் கிடந்தது, எம்.பி.ஏ. மாணவர்களின் பழைய புராஜெக்ட் அறிக்கைகள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருந்தன.

பதினோராவது நாள், ரெபரன்ஸ் பிரிவு நூலகர் எப்சிபா மேடம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தொண்ணூத்தொண்ணுல நம்ம வணிகவியல் துறைப் பிள்ளைங்க வீடு வீடாப் போயி ஒரு கணக்கெடுப்பு எடுத்தாங்க பேச்சி. கேட்டலாக்ல ஏறல. இருந்தா அந்தக் கடைசித் தட்டுலதான் இருக்கும்" என்றார்.

இருந்தது. 'சாத்தங்கரை நகரக் குடும்ப நுகர்வு ஆய்வு, 1991.' தெரு, கதவு எண், வாங்க நினைக்கும் பொருள், அளவு, காரணம் என்று ஐந்து கட்டங்கள். எல்லாம் தட்டச்சில் அடித்தது, 'ற' வருகிற இடமெல்லாம் வால் பாதி உடைந்திருந்தது. முத்துப்பேச்சி தான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் எண்ணைத் தேடினாள். 'குக்கர் கேஸ்கட், ஐந்து லிட்டருக்கு உரியது, ஒன்று' என்றிருந்தது. முந்தின நாள் காலையில்தான் வீட்டுக்காரம்மாள் கேஸ்கட் பிய்ந்துவிட்டது என்று புலம்பியிருந்தார். எப்சிபா மேடம் தன் வீட்டைப் பார்த்தார். 'மூக்குக் கண்ணாடி மாட்டுகிற சங்கிலி, ஒன்று.' அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, தொகுதிக்கு ஒரு புதுக் கேட்டலாக் அட்டை எழுதி, முத்திரை குத்தி உள்ளே வைத்தார்.

வியாழக்கிழமைக்குள் இது டீக்கடைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் வியாபாரிகள் சங்கம் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மனுக் கொடுத்துவிட்டது. பதிவாளர் விதிகள் போட்டார். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை, அவருடைய அலுவலகம் கொடுத்த அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும், பேனாவுக்கு அனுமதியில்லை, பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. தினமும் காலையில் வரிகள் மாறியிருக்கும். பொருளை வாங்கிவிட்டால், அல்லது மனம் மாறிவிட்டால், வரி போய்விடும். ஒருவர் ஒரு பக்கத்தைக் கிழித்துப் பார்த்தார், மறுநாள் அந்த வரிகள் எல்லாம் முன் அட்டையின் உள்பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. அதோடு கிழிப்பதை விட்டுவிட்டோம்.

எங்களுக்கு அது பழகியும் போயிற்று. காய்கறிக்காரர் எந்தத் தெருவுக்கு எந்தக் கீரை என்று கட்டிக்கொண்டு போனார். ஐஸ் வண்டிக்காரர் வழியை மாற்றினார். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளை வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்கள். புருஷன் செத்து ஏழு வருடமான ஒரு அம்மாள் வீட்டில் 'பிச்சிப்பூ, ஒரு முழம்' என்று வந்தபோது, பூக்காரி ஒன்றும் பேசாமல் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அதுவும் நடந்தது. ஒரு வாத்தியார் வீட்டில் 'தலைமுடிச் சாயம்' என்று வந்ததை மத்தியானத்துக்குள் ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதுவும் நடந்தது. போகப் போக, வீடுகளில் அம்மாக்கள் பிள்ளைகளிடம், "எதையாவது நெனச்சுத் தொலைக்காத, புஸ்தகத்துல வந்துரும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பெண்கள் எதற்கும் ஆசைப்படாமல் இருக்கப் பழகினார்கள். அது அவர்களுக்குப் புதிதில்லை என்று முத்துப்பேச்சி ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் அப்போது அதைக் காதில் வாங்கவில்லை.

நான்காவது வாரம், ஒரு வியாழக்கிழமை. முத்துப்பேச்சி எட்டு மணிக்கே வந்து வரிகளைப் பிரதியெடுத்துக்கொள்ள எப்சிபா மேடம் அனுமதித்திருந்தார். எட்டேகால் இருக்கும்.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன்."

எப்சிபா மேடம் வந்து குனிந்தார். மரக்கடைத் தெரு, கதவு எண் இருபத்தேழு. 'தாழ்ப்பாள், உள்பக்கம் போடுவது, ஒன்று.' காரணம் என்கிற கட்டம் எப்போதும்போலக் காலியாக இருந்தது.

"அது சிவனைந்தபெருமாள் அண்ணாச்சி வீடுல்லா?" என்றார்.

சிவனைந்தபெருமாள் எங்கள் ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மெல்லப் பேசுகிறவர், கோயில் கொடைக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதுகிறவர். அவர் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காக மதுரையில் வீடெடுத்துத் தங்கியிருந்தாள். அந்த வீட்டில் அவரும், படுத்த படுக்கையாகிப் பேச்சும் போய்விட்ட அவருடைய அம்மாவும், லாரி விபத்தில் இறந்துபோன அவருடைய தம்பியின் மனைவி செல்லக்கனியும் மட்டும் இருந்தார்கள். செல்லக்கனிக்கு இருபத்தாறு வயது.

"அவர் கடையில டஜன் கணக்குல தாழ்ப்பாள் தொங்குது மேடம். வேணும்னா ஒரு வார்த்தை கேட்டா வந்துட்டுப் போவுது."

"கேக்க முடியாததுதான் பேச்சி இதுல வருது" என்றார் எப்சிபா மேடம்.

கீழே படிக்கட்டில் வியாபாரிகள் சேரத் தொடங்கியிருந்தார்கள், செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. சிவனைந்தபெருமாள் தினமும் முதல் மூன்று பேருக்குள் நிற்பார். ஆணி, கீல், குழாய், தாழ்ப்பாள் இவைதான் அவர் தேடுகிற சரக்கு. "நம்ம தெருவுல இருந்து ஆரம்பிப்போம்" என்று சொல்லிக்கொண்டேதான் பக்கத்தைப் புரட்டுவார்.

எப்சிபா மேடம் இருபத்திரண்டு வருட வேலையில் வாசகர்களிடம் பொய் சொன்னதில்லை. அன்றைக்குப் படியிறங்கிப்போய், "இன்னைக்கு ரெபரன்ஸ் பிரிவு கிடையாது. இருப்புச் சரிபார்ப்பு" என்றார்.

"நேத்து சொல்லலியே மேடம்?" சிவனைந்தபெருமாள்தான் கேட்டார், சிரித்த முகமாக.

"நேத்து எனக்கே தெரியாது அண்ணாச்சி."

அவர் மேடத்தின் தோளுக்கு மேலே, மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்த முத்துப்பேச்சியைப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நேராகப் பதிவாளர் அறைக்குப் போனார். கால் மணி நேரத்தில் தொலைபேசி வந்தது. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்க வேண்டும், நானே நேரில் வருகிறேன் என்றார் பதிவாளர்.

முத்துப்பேச்சி தன் ஆராய்ச்சிக்கு அச்சடித்து வைத்திருந்த கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சிவனைந்தபெருமாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் சாப்பிட வீட்டுக்குப் போவார் என்பது ஊருக்குத் தெரியும். அவள் பன்னிரண்டே முக்காலுக்கு இருபத்தேழாம் எண் வீட்டுக் கம்பி அழிக்கதவைத் தட்டினாள். செல்லக்கனி கதவைத் திறந்த நேரத்திலேயே உள்ளேயிருந்து, "யாரு அது?" என்று அவர் குரல் கேட்டது. அன்றைக்கு முன்னதாகவே வந்துவிட்டார்.

"சர்வே எடுக்க வந்திருக்கேன் அண்ணாச்சி. பல்கலைக்கழகத்துல இருந்து."

"உள்ள வாம்மா. நீ அந்த லைப்ரரி பிள்ளதானே? புஸ்தகம்தான் எல்லாத்தையும் சொல்லுதே, அப்புறம் சர்வே எதுக்கு?"

"புஸ்தகம் சொல்லுதது சரியான்னு பாக்கணும்லா" என்றாள் முத்துப்பேச்சி. சொன்ன பிறகுதான், இந்த வீட்டைப் பற்றிப் புத்தகத்தில் ஏதோ வந்திருக்கிறது என்று தானே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்லக்கனியைத் தூணருகே நிற்கச் சொன்னார். ஒவ்வொரு கேள்வியையும் முத்துப்பேச்சி செல்லக்கனியைப் பார்த்துக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் சொன்னார். மாதம் எத்தனை கிலோ அரிசி, எந்தச் சோப்பு, எண்ணெய் யார் வாங்கி வருவது. ஒன்பதாவது கேள்வி, 'இந்த வீட்டில் அடுத்ததாக வாங்க நினைக்கும் பொருள் எது?' என்பது. முத்துப்பேச்சி அந்த வரியில் கண்ணை வைத்தாள். தலை நிமிர்ந்தபோது செல்லக்கனியின் கை தூணை இறுகப் பிடித்திருந்தது. மூன்று தெருவுக்கு அப்பால் இருக்கிற ஒரு புத்தகத்தில் தன் மனம் அச்சாகியிருக்கும் என்று அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"என்ன நிறுத்திட்ட? அடுத்து?" என்றார் அவர்.

"அவ்வளவுதான் அண்ணாச்சி. முடிஞ்சுட்டு."

"ஒம்பதுன்னு ஒண்ணு இருக்கே." தாளை எட்டி வாங்கினார். படித்தார். செல்லக்கனி பக்கம் திரும்பிப் பார்க்காமலே, "ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக்கோ. இந்த வீட்டுல எல்லாம் இருக்கு" என்றார்.

உள்ளறையில் அவருடைய அம்மா ஏதோ முனகினாள். அவர் எழுந்து உள்ளே போனார். குடிக்கத் தண்ணீர் எடுப்பவளைப்போலச் செல்லக்கனி வாசல்பக்கம் வந்தாள். டம்ளரைக் கொடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, வந்துட்டா?"

"வந்துட்டு. இன்னும் யாரும் பாக்கல. நாளைக்கு ஒம்பது மணிக்குப் பாப்பாரு."

"நெனைக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்க்கா. ஒரு மாசமா கட்டிப்போட்ட மாதிரி இருந்தேன். நேத்து முடியல."

"நான் ஒண்ணு வாங்கித் தரவா?"

"ஸ்க்ரூ முடுக்குத சத்தம் கேட்டாலே போதும், என்னைக் கொன்னுருவாரு."

"அவரு நாளைக்கு லைப்ரரியில நிக்கும்போது ஆட்டோ கொண்டு வாறேன். பெண்கள் விடுதியில இடம் கேட்டு வைக்கேன். வருவியா?"

உள்ளேயிருந்து காலடிச் சத்தம் வந்தது. செல்லக்கனி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நூலகத்துக்குத் திரும்பி வந்த முத்துப்பேச்சி நின்றுகொண்டே பேசினாள். "வருவாளா தெரியல மேடம். வந்தாலும், அவரு மொதப் பக்கத்துலயே இருபத்தேழைப் பாத்துட்டா அஞ்சு நிமிஷத்துல வீட்டுல இருப்பாரு. ஆட்டோ தெருமுனை தாண்டாது."

எப்சிபா மேடம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வீட்டுல மட்டும் வந்தா அது அவ. ஒரு தெரு முழுக்க வந்தா அது வெறும் சரக்கு" என்றார் நிதானமாக. "ஆனா பேச்சி, பொய்யா நெனச்சா புஸ்தகத்துல வராது."

"நெனைக்க வைக்கலாம் மேடம்" என்றாள் முத்துப்பேச்சி. "எங்களுக்கு மொத வருஷமே சொல்லிக்குடுத்தாங்க, கேள்வி கேக்கும்போது பதிலைத் தூண்டிவிடக் கூடாது, தூண்டுனா சர்வே கெட்டுப்போவும்னு. நான் இந்தச் சர்வேயைக் கெடுக்கப் போறேன்."

மூன்று மணிக்கு என் கடைக்கு வந்தாள். ஒரே ஒரு கேள்வி எழுதிய தாளை நீட்டி, "அறுநூறு பிரதி அண்ணாச்சி, உடனே" என்றாள். நான் மிஷினில் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் தாள் போகிறது, எதைத்தான் படிப்பது. 'வீட்டில் நீங்கள் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய அறை ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால், வேண்டுமா?' என்றுதான் அதில் இருந்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவிகள் ஒன்பது பேரும், விடுதிப் பெண்களும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எப்சிபா மேடமுமாகத் தெருத் தெருவாகப் போயிருக்கிறார்கள். செல்லக்கனி பெயரை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்கள் இருந்த வீடுகளில் தாளை நீட்டாமல் சோப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள் தனியாக இருந்த வீடுகளில் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பல பெண்கள் இதென்ன கேள்வி என்று சிரித்தார்களாம். சிரித்து முடித்த பிறகு கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார்களாம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எப்சிபா மேடம் தொகுதியைத் திறந்தபோது முத்துப்பேச்சி அங்கே இல்லை. மரக்கடைத் தெரு முனையில், படுதா இறக்கிவிட்ட ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள். அதனால் முதலில் பார்த்தது மேடம் ஒருவர்தான். பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். முந்தின நாள் மூடியதால் ஊரே திரண்டிருந்தது, எனக்கும் ஒரு வேடிக்கை. ஒன்பது மணிக்குப் பதிவாளர் வந்து மேசையின் தலைமாட்டில் நின்றார். சிவனைந்தபெருமாள் முன்னால் போய், கைகளை வேட்டியில் துடைத்துவிட்டு, "நம்ம தெருவுல இருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

கதவு எண் ஒன்று, தாழ்ப்பாள், உள்பக்கம் போடுவது, ஒன்று. கதவு எண் இரண்டு, தாழ்ப்பாள், உள்பக்கம் போடுவது, ஒன்று. மூன்று, அதே. நான்கு, தாழ்ப்பாள் இரண்டு. அவர் முகம் மலர்ந்தது. "சரக்கு பத்தாது போலிருக்கே மேடம்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பத்தொன்பது, இருபது, இருபத்து மூன்று. எப்சிபா மேடத்தின் உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன், ஜெபம் பண்ணினார் என்று நினைக்கிறேன். இருபத்தைந்து, இருபத்தாறு. சிவனைந்தபெருமாள் வாசிக்கிற வேகம் அப்படியே இருந்தது, ஒரே பொருள், ஒரே எழுத்து, ஒரே வால் உடைந்த 'ற'. இருபத்தேழையும் வாசித்தார். இருபத்தெட்டையும் வாசித்தார். இருபத்தொன்பதில் விரல் நின்றது.

விரல் இரண்டு வரி மேலே ஏறியது.

அவர் காது மடல் சிவந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் எப்சிபா மேடம், நூலகத்தில் ஒருபோதும் உயர்த்தாத குரலில், "இன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டைப் பாத்துக்கிடலாம். வரிசை கிடையாது" என்றார்.

கூட்டம் மேசையை நோக்கி நெருக்கியது. சிவனைந்தபெருமாள் வெளியேறப் பார்த்தார், வழி கிடைக்கவில்லை. கன்னார் தெருவைப் பாருங்க, கீழரத வீதியைப் பாருங்க என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், மேடம் புரட்டிப் புரட்டிக் காட்டினார். எல்லாத் தெருவிலும் அதுதான். அவர்கள் போன தெருக்களில் மட்டுமில்லை, தாள் போகாத தெருக்களிலும் அதுதான். முதலில் சிரித்தவர்கள் அவரவர் கதவு எண் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை. 'பணியாளர் குடியிருப்பு, சி-4' என்ற வரியை மேடம் வாய்விட்டு வாசிக்கவில்லை, விரலை மட்டும் அதன் அருகில் வைத்தார். பதிவாளர் குனிந்து பார்த்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து அதில் உட்கார்ந்தார்.

என் வீட்டு எண் எட்டு, கன்னார் தெரு. நானும் பார்த்தேன்.

சிவனைந்தபெருமாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வர ஒன்பதரை தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் மரக்கடைத் தெருவில் ஆட்டோ இருபத்தேழாம் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. செல்லக்கனி பெட்டி கட்டியிருக்கவில்லை. படுத்திருந்த அத்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "இது முடியட்டும்க்கா, பத்து மணிக்கு இவங்களுக்கு மாத்திரை, வெறும் வயித்துல குடுக்கக் கூடாது" என்றாள். முத்துப்பேச்சி வாசலுக்கும் உள்ளறைக்குமாக நடந்தாள். ஆட்டோக்காரர் ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். கிழவி மூன்றாவது கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அசைக்க முடிகிற அந்த ஒரு கையால் கிண்ணத்தைத் தள்ளினாள். கஞ்சி தரையில் கொட்டியது. கை மறுபடியும் எழுந்து, வாசல் பக்கமாக இரண்டு தடவை அசைந்தது. செல்லக்கனி அந்தக் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். கட்டிய சேலையோடு ஆட்டோவில் ஏறினாள். அவர்கள் மேற்குப் பக்கம் திரும்பிய நேரத்தில், கிழக்குப் பக்கமிருந்து சிவனைந்தபெருமாள் தெருவுக்குள் நுழைந்தார். வெயிலில் குடையில்லாமல், ஓட்டமும் நடையுமாக வந்தார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

பதினோரு மணிக்கு அவர் விடுதி வாசலுக்கு வந்துவிட்டார். எங்கள் ஊர் முதல்முறையாக அவர் கத்துவதைக் கேட்டது. "எங்க வீட்டுப் பொம்பள உள்ள இருக்கா, வெளிய அனுப்புங்க, குடும்ப மானம் போவுது" என்று கம்பிக்கதவைப் பிடித்து ஆட்டினார். உள்ளே விடுதிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வெளியே நாங்கள் இருநூறு ஆண்கள் நின்றோம். வேறொரு நாளாக இருந்தால் பத்துப் பேராவது அவருக்காகப் பேச முன்னால் போயிருப்போம். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லுங்கய்யா யாராவது" என்றார். எல்லாரும் தங்கள் கதவு எண்ணை நினைத்துக்கொண்டு நின்றோம். பதிவாளர் மட்டும் போய், "வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. உங்க அம்மா தனியா இருக்காங்க" என்றார். அவர் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு போய்விட்டார். மதுரையிலிருந்து அவர் மனைவி மறுநாளே வந்து மாமியாரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அவள் எதுவும் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்தவளைப்போல நடந்துகொண்டாள் என்கிறார்கள்.

அதற்குப் பிறகு வியாபாரிகள் சங்கம் தானாகவே அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. தொகுதி இன்னும் அதே தட்டில்தான் இருக்கிறது, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. தாழ்ப்பாள் வரிகள் ஒவ்வொன்றாக மறைய எட்டு மாதம் பிடித்தது, சில தெருக்களில் இன்னும் மறையவில்லை. முத்துப்பேச்சி தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க, தன் சர்வே எப்படிக் கெட்டது, அதை யார் கெடுத்தது என்று எழுதினாள். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் இரண்டு மணி நேரம் கேட்டார்கள். செல்லக்கனி நூலகத்தின் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிறாள். விடுதி, அறை எண் ஒன்பது என்பதற்கு எதிரே போன வாரம், 'மஞ்சள் பூப்போட்ட ஜன்னல் துணி, இரண்டு கஜம்' என்று இருந்ததாம்.

என் வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, விடுதி வாசலிலிருந்து நான் கடைக்குப் போகவில்லை. பஜாரில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டில் நானும், மனைவி ரத்தினக்கிளியும், கல்லூரியில் படிக்கிற மகள் சுடர்க்கொடியும்தான். மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாளை அவள் முன்னால் வைத்தேன்.

"ஏட்டி, இது உனக்கா?"

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு இல்லப்பா" என்றாள்.

அடுக்களையில் ரத்தினக்கிளி பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் நின்று, "எதுக்கு?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. ஒரு காயை முழுசாக நறுக்கி முடித்தாள்.

"நீங்க கத்தும்போது உள்ள போயி உக்காரத்தான்."

நான் அவளை அடித்ததில்லை. அதைச் சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. சொல்ல வந்ததும் ஒரு கத்தலாகத்தான் வந்தது, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மகள் கூடத்தில் எழுந்து நின்றுகொண்டாள். இருபத்தோரு வருடமாக அந்த வீட்டில் இப்படி எத்தனை தடவை அவர்கள் எழுந்து நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தேன். பின்கட்டு அறைக் கதவில் பென்சிலால் குறித்து, முடுக்க ஆரம்பித்தேன். மூன்று ஸ்க்ரூ நேராக இறங்கின, நாலாவது கோணலாகப் போயிற்று, கழற்றி மறுபடியும் போட்டேன். முடித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். ரத்தினக்கிளி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. அடுக்களையில் சோறு பொங்கி அடுப்பில் வழிகிற வாசம் வந்தது. நான் போய்த் தீயைக் குறைத்தேன்.